புளியம்பழ ஓடும் போர்டிகோ சிலாபும்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுப் போர்டிகோவில் நாள் முழுக்க டொக் டொக் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அத்தை புளி தட்டுவார். தர்மபுரி மாவட்டம் அரூர்ப் பக்கம் அந்த இரண்டு மூன்று மாதமும் வாசலுக்கு வாசல் இதே சத்தம்தான். வியாபாரி மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி. 2025 மார்ச்சில் ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும், போர்டிகோவில் மூட்டை சரிந்த மாதிரி ஒரு சத்தம். பூனை என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டேன். காலையில் கதவைத் திறந்தால், முறம் அகலத்துக்கு ஒரு கான்கிரீட் பாளம் மேலிருந்து பெயர்ந்து, கொட்டை எடுத்த புளிக் கூடையின் மேல் கிடக்கிறது. பன்னிரண்டு கிலோ புளியிலும் சிமெண்ட் தூளும் கல்லும். வியாபாரிக்கு நாங்கள் காசு கொடுக்கும்படி ஆகிவிட்டது. அத்தைக்கு அந்தக் கவலைதான். "பகல்ல விழுந்திருந்தா உங்க தலைதானே அத்தை" என்று நான் பதறியதை அவர் காதிலேயே வாங்கவில்லை.

அண்ணாந்து பார்த்தேன். துருவேறிய கம்பிகள் மூன்று, கிழட்டு மாட்டின் விலா எலும்பு மாதிரித் தெரிந்தன. பயத்தோடு அவமானமும் சேர்ந்துகொண்டது. ஏனென்றால் அதே மூலையை இரண்டு வருடத்துக்கு முன்னால் 'சரி செய்து' வைத்தவள் நான்தான்.

வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடியற்காலை பஸ் பிடிப்பார். வீட்டில் தையல் மிஷினோடு இருக்கிற எனக்குத்தான் மராமத்து இலாகா. 2023 புளி காலத்தில் அந்த மூலையில் உள்ளங்கை அளவு பெயர்ந்து விழுந்தபோது, பக்கத்துத் தெருவில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் வந்தார், பார்த்தார், ஒரு சட்டி சாந்து குழைத்தார், பள்ளத்தில் அடித்து மட்டமாகத் தேய்த்தார், அரை நாளில் முடித்துவிட்டார். 700 ரூபாயும் மத்தியானச் சாப்பாடும். மேலே சுண்ணாம்பு அடித்ததும் இடம் தெரியாமல் போய்விட்டது. குறைந்த செலவில் முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, அரூரும் அதே வரிசையில் நனைந்தது. எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் போர்டிகோ சிலாப் இரண்டு வாரம் ஓதம் காத்துக்கொண்டே இருந்தது. ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம், பக்கத்தில் மயிரிழைக் கீறல் ஒன்று நேர்கோடாக. சுவர்ப் பூச்சில் கீறல்கள் வலை மாதிரி எப்படியோ ஓடும். நேர்கோடாக, அதிலும் பழுப்புக் கறையோடு ஓடும் கீறல், அதற்கு மேலே கம்பி போகிறது என்று காட்டுகிற கோடு. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. மழைக் கறை என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் முறை விழுந்தபிறகு, என்னிடம் ரவிக்கை தைக்க வரும் அக்கா ஒருவர் மூலமாக ஒரு வயதான மேஸ்திரி கிடைத்தார். கூட அவர் மச்சான் மகன், இருபத்தைந்து வயதுப் பையன். மேஸ்திரி வந்ததும் சிமெண்ட் எத்தனை மூட்டை என்று சொல்லப்போகிறார் என நான் காத்திருக்க, அவர் கேட்டது ஒரு சின்னச் சுத்தியல். அத்தையின் புளிச் சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன். முக்காலிமேல் ஏறி, ஓரத்திலிருந்து ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் ணங் ணங் என்று கை எதிர்க்கிற சத்தம். கெட்ட இடத்தில் பொத் பொத். சத்தம் மாறுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்.

கீழே உட்கார்ந்திருந்த அத்தை தலை நிமிராமலே, "அந்தப் பக்கமுந்தான், கோட்டுக்கு வெளிய" என்றார். மேஸ்திரி மறுபடி தட்டினார். பொத். அத்தை சொன்னதுதான் சரி.

"புளி பழுத்தா ஓடு சதைய விட்டுப் பிரிஞ்சிரும் கண்ணு. வெளிய பாத்தா காயும் பழமும் ஒண்ணாத்தான் இருக்கும், தட்டுனாத்தான் தெரியும். இதும் அதே சத்தம்."

ஓடும் புளியும் மாதிரி ஒட்டாமல் இருக்கிறார்கள் என்று எத்தனை வீட்டைப் பற்றிப் பேசியிருப்போம். எங்கள் சிலாபே அப்படித்தான் நின்றிருக்கிறது. முறம் அளவுதான் விழுந்திருந்தது. சாக்பீஸ் கோடு முடிந்தபோது போர்டிகோவில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே வந்துவிட்டது. பார்வைக்கு எல்லாம் வழவழ என்று வெள்ளையாகவே இருந்தது.

ஏன் இப்படி ஆனது என்பதை மேஸ்திரி பாதியும், பின்னால் வந்து பார்த்த இன்ஜினியர் மீதியும் சொன்னார்கள். நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உள்ளது, அதன் பி.எச். 12க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பிமேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகி, துரு பிடிக்காமல் காக்கிறது. காற்றிலிருக்கும் கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். 9க்குக் கீழே இறங்கிவிட்டால் படலம் கரைந்துவிடும். உப்பு உள்ளே போனால் அத்தனை வருடம்கூடத் தேவையில்லை. அப்புறம் ஈரமும் காற்றும் போதும். துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் கிடையாது; அதனால் அடியில் இருக்கும் கான்கிரீட்டை நெம்பித் தள்ளுகிறது. ஆக, மேலே பாரம் வைத்ததால் விழவில்லை. உள்ளேயிருந்து நெம்பியதால் விழுந்தது.

எங்கள் வீட்டில் இதற்கு வேண்டிய எல்லாம் கூடியிருந்தன. 1997-ல் மாமா கட்டிய வீடு. போர்த் தண்ணீரில்தான் கான்கிரீட் குழைத்தார்கள், வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். எங்கள் மாவட்டத்தில் போர்த் தண்ணீர் என்றாலே ஃப்ளோரைடு ஞாபகம்தான் வரும். பல்லில் காவி ஏறியவர்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள்; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதற்காகத்தான். ஆனால் கம்பியைத் தின்பது உப்பில் இருக்கும் குளோரைடு. பெயர் ஒன்று போல இருப்பதால் நானும் ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. வீடு கட்டும் முன் ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தாலே தெரிந்துவிடும். யார் கொடுக்கிறார்கள்?

அடுத்தது கவர். கம்பிக்குக் கீழே சிலாபில் குறைந்தது 20 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும். அதற்காகத்தான் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைப்பது. 97-ல் அதெல்லாம் யாரும் வைக்கவில்லை போல. கம்பி சென்ட்ரிங் பலகைமேலேயே படுத்திருந்திருக்கிறது. விழுந்த பாளத்தின் தடிமனை என் இன்ச் டேப்பால் அளந்தேன். சில இடத்தில் 5 மி.மீ.கூட இல்லை. தோசைக் கனம்.

சரி, 2023-ல் போட்ட ஒட்டு ஏன் நிற்கவில்லை? துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே சாந்து அடித்தது ஒரு காரணம். இன்னொன்றை இன்ஜினியர் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. ஒரே கம்பி, ஒரு பாதி புதுச் சாந்துக்குள், மறு பாதி உப்பேறிய பழைய கான்கிரீட்டுக்குள். இரண்டுக்கும் நடுவே பேட்டரி மாதிரி மின் ஓட்டம் உண்டாகி, புதுச் சாந்துக்குள் இருக்கிற பாகம் பிழைத்துக்கொள்கிறது, அதை ஒட்டிய பழைய பாகம் முன்னைவிட வேகமாக அரித்துப் போகிறது. ஒட்டைச் சுற்றி நான் பார்த்த பழுப்பு வளையம் அதுதான். நோயைப் பக்கத்து இடத்துக்குத் தள்ளிவிட 700 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

மேஸ்திரி உளியைத் தொடுவதற்கு முன் மாடிக்கு ஏறினார். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் கீழே என்ன செய்தாலும் வீண் என்பது அவர் கட்சி. போர்டிகோவுக்கு மேலே மழைத் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலை மக்கி அடைத்திருந்தது. வாட்டம் குழாயை நோக்கி இல்லாமல் எதிர்மூலைக்கு இறங்கியிருந்தது. போதாததற்கு வாட்டர் டேங்க் நிரம்பி வழியும் பைப்பும் அங்கேயே சொட்டிக்கொண்டிருந்தது. தினம் மோட்டார் போட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்து மறந்துபோகிற ஆள் நான். மழை வருடத்தில் சில மாதம். நான் 365 நாளும் சிலாபுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறேன்! டேங்க்குக்கு மிதவை வால்வு, குழாய் வாய்க்குச் சல்லடை, வாட்டத்தைத் திருப்பப் புதுத் தளச் சாந்து, பிளந்திருந்த தட்டோட்டு இடுக்குகளைக் குடைந்து மறுபடி பூசியது என்று மேலேயே மூன்று நாள் ஆனது. அப்போதெல்லாம் எனக்குக் கடுப்பு. விழுந்தது கீழே, வேலை மேலே நடக்கிறதே என்று.

இன்ஜினியரை வரவழைத்ததும் மேஸ்திரி சொல்லித்தான். "கம்பி மெலிஞ்சிருக்கு. சிலாப காப்பாத்தலாமா, இடிக்கணுமான்னு நான் சொல்லக்கூடாதும்மா. படிச்சவங்க ஒருத்தர் பாக்கட்டும்." தனக்குத் தெரியாத எல்லையைச் சொல்கிற மேஸ்திரி கிடைப்பது அபூர்வம். 1,500 ரூபாய் கொடுத்தேன். மொத்தச் செலவில் மதிப்பாகப் போன காசு அது.

உளி வைக்கும் முன் சிலாபுக்கு இரும்பு ஜாக்கிகள் வாடகைக்கு எடுத்து முட்டுக் கொடுத்தார்கள். மேலே வைத்திருந்த பூந்தொட்டிகளை இறக்கினோம். அப்புறம் கொத்த ஆரம்பித்தார்கள். மூன்று முழு நாள் கொத்தினார்கள். மராமத்து என்றால் பூசுவது என்று நினைத்திருந்தேன். ஒன்பது நாள் வேலையில் பூச்சு ஒன்றரை நாள்தான்.

சாக்பீஸ் கோட்டோரம் கிரைண்டரால் சுற்றிலும் 10 மி.மீ. ஆழத்துக்குச் சதுரமாக அறுத்தார்கள், கம்பி வரும் இடத்தில் மட்டும் ஆழத்தைக் குறைத்து, அதில் படாமல். ஓரம் நேராக நிற்க வேண்டும்; செதில் மாதிரி மெலிந்து முடிந்தால் புதுச் சாந்து முதலில் அந்த மெல்லிய ஓரத்தில்தான் கிளம்புமாம். உள்ளே பொத் சத்தம் போடும் அத்தனையும் பெயர்த்தார்கள். அதோடு விடாமல், கம்பிக்குப் பின்பக்கமும் சுண்டுவிரல் நுழைகிற அளவு, 20 மி.மீ. போலக் குடைந்தார்கள். கம்பியின் முதுகில் துரு இருக்க முகத்தை மட்டும் கழுவி என்ன பயன்? இரண்டு பக்கமும் கம்பியின் வழியே போய், துருவில்லாத கறுப்புக் கம்பி தெரிகிற வரை போனார்கள். சாக்பீஸ் கோட்டையும் தாண்டி ஓரிடத்தில் ஒரு அடி போக வேண்டியிருந்தது. பையனுக்குக் கண்ணாடியும் கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் கண்ணாடி மாட்டாமல் அண்ணாந்து கொத்திக் கண்ணில் தூள் விழுந்து, சாயங்காலம் வரை கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான். மறுநாள் அவனே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டான்.

கம்பி எவ்வளவு மெலிந்தது என்று பார்க்க எனக்கு ஒரு யோசனை வந்தது. தையல்காரி புத்திதான். வெள்ளை நூலைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, சேருமிடத்தில் புள்ளி வைத்து, எடுத்து டேப்பில் அளந்தேன். 8 மி.மீ. கம்பியென்றால் சுற்றளவு 25 மி.மீ. இருக்க வேண்டும். நல்ல இடத்தில் 25 வந்தது. நடுவில் 19. அந்தக் காலத்து முறுக்குக் கம்பி என்பதால் மேடு பள்ளத்தில் நூல் முன்னே பின்னே காட்டும். ஆனாலும் வித்தியாசம் தெளிவு. சுற்றளவில் கால் பங்கு குறைந்தால் கம்பியின் கனத்தில், அதாவது பாரம் தாங்கும் பரப்பில், நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விட்டது என்று இன்ஜினியர் கணக்குப் போட்டுச் சொன்னார். அப்படி மெலிந்த மூன்று கம்பிகளுக்கும் பக்கத்தில் புதுக் கம்பி. இரண்டு முனையிலும் நல்ல கம்பியோடு ஒன்றரை அடி நீளம் சேர்த்துக் கட்டுக்கம்பியால் கட்டச் சொன்னார். நாலு விரற்கடை சேர்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு, அது பிடிக்காது.

பழைய கம்பிகளை இரும்பு பிரஷால் பளபளவென்று தெரியும் வரை தேய்த்து, துரு எடுக்கும் திரவம் தடவி, கழுவிக் காயவைத்து, அன்றைக்கே துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்தார்கள். தேய்த்துவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ராத்திரிப் பனியிலேயே மறுபடி செந்நிறம் ஏறிவிடும். கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு மீதி இருந்தது, அதை அடிக்கலாமே என்றேன். வேண்டாம் என்று மேஸ்திரி தடுத்துவிட்டார். அதன்மேல் சாந்து பிடிக்காது.

இந்த இடத்தில் சன்ஷேடைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேற்குப் பக்க ஜன்னல் சன்ஷேடின் அடியிலும் கம்பி தெரிந்தது. அதையும் இதே மாதிரிப் பூசிவிடலாம் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். இன்ஜினியர் ஏணி வைத்து அதன் மேல்பக்கத்தைப் பார்த்தார். சுவரை ஒட்டி நீளமாக ஒரு வெடிப்பு. "இத இடிச்சிடுங்க" என்றார். சிலாப் இரண்டு பக்கமும் தாங்கி நிற்பது. அதன் வயிறுதான் இழுபடும், அதனால் கம்பி அடியில். சன்ஷேட் ஒரு பக்கம் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. அதன் முதுகுதான் இழுபடும், அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது வேலையாட்கள் கம்பிமேல் நடந்து மிதித்தால் அது அடிக்கு இறங்கிவிடும். எங்களுடையது அப்படி இறங்கியதுதான். அடியில் தெரிந்த கம்பி, இருக்கக்கூடாத இடத்தில் இருந்த கம்பி. கீழே எவ்வளவு அழகாகப் பூசினாலும் அது ஒரு நாள் மொத்தமாகக் கழன்று தொங்கும். மழை நாளில் அதன் அடியில்தான் தெருப்பிள்ளைகள் ஒதுங்கும். இடித்துவிட்டு இப்போது தகரம் போட்டிருக்கிறோம். அழகாக இல்லை, பரவாயில்லை.

பூச்சுக்கு வருகிறேன். மணல் வாங்குவதிலேயே ஒரு சண்டை. சுற்றிலும் கல்குவாரி உள்ள ஊரில், கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எம்-சாண்ட் என்று சொல்லி வந்து இறங்கியது கல் உடைக்கும்போது மிஞ்சும் தூள், கிரஷர் டஸ்ட் மாதிரி இருந்தது. ஊறுகாய் பாட்டிலில் பாதி மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு மணி நேரம் அப்படியே வைத்தேன். அடியில் மணல், மேலே மாவு மாதிரி படலம். படலம் மணல் உயரத்தில் பத்தில் ஒரு பங்கை நெருங்கினால் அந்த மணல் வேண்டாம் என்பது மேஸ்திரி கணக்கு. எங்கள் பாட்டிலில் ஐந்தில் ஒரு பங்கு. வண்டியைத் திருப்பி அனுப்பினேன். அடுத்து வந்தது நன்றாக இருந்தது.

ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல், தண்ணீரோடு எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் எனும் பால் போன்ற திரவம், எவ்வளவு என்பது டப்பாவில் போட்டிருந்தபடி. மேஸ்திரி கண்ணளவில் ஊற்றப் போனார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அளவு மக்கைக் கையில் கொடுத்து நின்றேன். குழைத்த உப்புத் தண்ணீரால் வந்த வினை என்பதால் இந்த முறை ஒகேனக்கல் குடிநீர்க் குழாயில் பிடித்த தண்ணீர். தெருவில் சிலர் ஒரு மாதிரி பார்த்தார்கள்தான். மொத்தமே நாலு குடம்.

முதல் நாள் சாயங்காலமே கொத்திய இடத்தை நன்றாக நனைத்து, காலையில் மினுமினுப்பு இல்லாமல் ஈரம் மட்டும் இருக்கிற பதத்தில் ஆரம்பித்தார்கள். காய்ந்த பழைய கான்கிரீட் புதுச் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தால் சாந்து வழுக்கும். முதலில் சிமெண்டும் லேடெக்ஸும் கலந்த பிடிப்புக் குழம்பைப் பிரஷால் தேய்த்தார்கள். அது பிசுபிசு என்று கையில் ஒட்டும்போதே சாந்தை அழுத்த வேண்டும். ஒரு தடவைக்கு 10 முதல் 15 மி.மீ.தான், அதற்கு மேல் அப்பினால் தன் கனத்தில் தானே தொங்கிவிடும். முதல் அடுக்கைக் கீறிவிட்டு, இறுகியதும் அடுத்தது. கம்பிக்குக் கீழே 20 மி.மீ. சாந்து நிற்க வேண்டும் என்பதால் புது இடம் பழைய மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட முக்கால் அங்குலம் கீழே இறங்கிவிட்டது. மட்டமாக இல்லையே என்று வீட்டுக்காரர் முகம் சுளித்தார். "மட்டத்துக்குக் கொண்டு வந்தா மறுபடி தோசைக் கனந்தான் சார்" என்றார் மேஸ்திரி. அந்த மேடு இப்போதும் அப்படியே தெரிகிறது.

ஒரு தவறு நடந்தது, அதற்கு நானும் உடந்தை. பத்து மணிக்கு டீ கொண்டுவந்து வைத்தேன். பையன் அப்போதுதான் ஒரு பாகத்தில் குழம்பு அடித்து முடித்திருந்தான். டீ குடித்து, போன் பேசி வருவதற்குள் ஏப்ரல் வெயில் காற்றில் அது காய்ந்துவிட்டது. காய்ந்த பிடிப்புக் குழம்பு கண்ணாடித் தாள் மாதிரி. பிடிக்க வைப்பதற்குப் பதில் பிரித்து வைக்கும். சுரண்டிவிட்டு மறுபடி அடித்திருக்க வேண்டும். அவன் அதன்மேலேயே சாந்தை அழுத்திவிட்டான். மேஸ்திரி அப்போது மாடியில் இருந்தார்.

பூசி முடித்த மறுநாளிலிருந்து நீராற்ற வேண்டும். தரையென்றால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம், சுவரென்றால் சாக்கு தொங்கவிடலாம். மேல்கூரையின் அடிப்பக்கத்துக்கு என்ன செய்வது? மக்கில் வீசி வீசி என் புடவைதான் நனைந்தது. கடைசியில் ஒரு புது கைத்தெளிப்பான் வாங்கினேன், தக்காளிச் செடிக்கு மருந்தடிக்கும் சின்ன வகை. காலை ஆறு மணி தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மிஷினிலிருந்து எழுந்து வந்து மழைச்சாரல் மாதிரி அடித்துவிட்டுப் போவேன். காற்று அடித்துப் போகாமல் இருக்கப் போர்டிகோவைச் சுற்றிப் பழைய புடவைகளைக் கட்டினோம். நாங்கள் வாங்கியது சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட். அதற்கும் வெயில் காலத்துக்கும் குறைந்தது 10 நாள் வேண்டும். பத்து நாளும் அடித்தேன். மூன்றாம் நாளோடு மறந்துவிடுகிற வேலை இது என்று எனக்குத் தெரியும், அதனால் காலண்டரில் கட்டம் போட்டு வைத்தேன்.

பதினோராம் நாள் ஜாக்கிகள் அப்படியே இருக்க, அத்தை சுத்தியலை எடுத்துக்கொண்டு ஸ்டூல் கேட்டார். எழுபது வயதில் ஏற வேண்டாம் என்று நான் ஏறித் தட்டினேன், அவர் கீழிருந்து கேட்டார். ணங், ணங், ணங். டீ நேரத்து இடம் வந்தது. பொத். இரண்டு அடிக்கு ஒன்றரை அடி. மேஸ்திரிக்குப் போன் செய்தேன். மறுபேச்சில்லாமல் வந்து பெயர்த்தார். முழுசாக, பலகை மாதிரி, அடியில் பளபளப்போடு கழன்று வந்தது. அதை மட்டும் திரும்பப் பூசி, கூலி வாங்காமல் போனார். பையனுக்கு என்ன அர்ச்சனை நடந்ததோ. பெயின்ட் அடிக்கும் முன் தட்டிப் பார்த்ததால்தான் இது வெளியே வந்தது.

எல்லாம் இறுகி ஜாக்கியை எடுத்த பிறகு, மாடியில் பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம். இந்தச் சோதனையை முதலிலேயே செய்யலாமே என்று கேட்டிருந்தேன். இரண்டு அங்குலத் தண்ணீரே சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம்; உடைந்து தொங்குகிற சிலாபுக்கு மேல் அதை ஏற்றுவதா? கீழே ஒரு சொட்டு வரவில்லை. அக்டோபர், நவம்பர் மழையிலும் வரவில்லை.

மொத்தம் 30,000 ரூபாய்க்குப் பக்கம் ஆனது. பாதிக்கு மேல் கூலி.

மீந்த சிமெண்டில் வாசல் தரையையும் சரி செய்யலாம் என்று நானே இறங்கியது தனிக் கதை. தரை பெருக்கப் பெருக்கத் தூளாக வந்துகொண்டிருந்தது. போட்ட காலத்தில் தண்ணீர் அதிகமாகி, அந்தத் தண்ணீரை உறிஞ்சட்டும் என்று மேலே வெறும் சிமெண்டைத் தூவித் தேய்த்திருப்பார்கள். அந்த மேல்தோல்தான் உதிர்வது. அதன்மேல் அரை அங்குலத்துக்குச் சாந்து பூசினேன். ஒரு மாதத்தில் அப்பளமாக எழும்பியது. மெல்லிய பூச்சு தரைக்கு நிற்காது. உதிர்கிற தோலை முழுக்கச் சுரண்டி, கொத்துவிட்டு, பிடிப்புக் குழம்பு அடித்து, கனமான கான்கிரீட்டாகப் போட்டு நடுவில் பிரிவுக் கோடும் விட்டால்தான் உண்டு. அதில் எனக்குக் கிடைத்தது விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனதுதான். கையுறை இல்லாமல் சிமெண்ட் பிசைந்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது, ராத்திரிதான் எரியும். ஒரு வாரம் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

இந்த மாசியிலும் புளி வந்துவிட்டது. அத்தை பழைய மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறார். வேலை முடிந்து எழுந்திருக்கும்போது சுத்தியலைக் கீழே வைக்காமல் வீட்டைச் சுற்றி ஒரு நடை போகிற பழக்கம் வந்துவிட்டது அவருக்கு. போன வாரம் கொல்லைப் பக்கத்திலிருந்து, "கண்ணு, இங்க வந்து கேளு" என்று கூப்பிட்டார். செப்டிக் டேங்க் மூடி. தட்டினார். பொத் பொத். யாரும் மிதிக்காமல் இருக்க அதைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு வைத்திருக்கிறேன். மேஸ்திரி பங்குனி முடியட்டும் என்கிறார்.